ஒரே நம்பரில் அத்தனை தமிழ்ப் புத்தகம்

இசக்கியண்ணே, உன்னைக் கள்ளன் என்று சொன்னார்கள். நீ போய்ப் பதினாறு நாள்கூட ஆகவில்லை.

சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் உள்ள நூலகத்தில் அண்ணன் புத்தகம் எடுத்துக் கொடுப்பான். நான் பெருக்கித் துடைப்பேன். எட்டாம் கிளாஸோடு நின்றவள் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எலிக்காய்ச்சல் வந்து மூன்றே நாளில் அவன் போய்விட்டான்.

அதற்கு முந்தின வருஷம்தான் கம்ப்யூட்டர் வந்தது. என்ட்ரி போட வந்த ஆள் மலையாளி, தமிழ் வாசிக்கத் தெரியாது. தமிழ் ரேக்கில் இருந்ததை எல்லாம் ‘தமிழ் புக்’ என்று ஒரே பெயரில், ஒரே நம்பரில் ஏற்றிவிட்டுப் போனார். ஒரு புத்தகம் வெளியே போனால் போதும், அடுத்த ஆளுக்கு ‘ஏற்கெனவே இஷ்யூ ஆகிவிட்டது’ என்று காட்டும். அண்ணன் நூலகச் செக்ரட்டரியிடம் சொன்னான். அவர் கம்ப்யூட்டர் திறப்பு விழா போட்டோவுக்குச் சட்டம் போடும் அவசரத்தில் இருந்தார்; அட்ஜஸ்ட் பண்ணச் சொன்னார். நோட்டில் எழுதலாம் என்றால், இனிப் பேப்பரே கூடாது என்று ரிஜிஸ்டரை எல்லாம் பழைய பேப்பர் கடைக்குப் போட்டாயிற்று. அண்ணன் முகத்தைப் பார்த்துக் கொடுத்தான், முகத்தைப் பார்த்து வாங்கினான்.

அவன் போன பிறகுதான் செக்ரட்டரி அந்த ரேக் பக்கமே வந்தார். பாதி காலி.

“பிள்ளே, சிஸ்டத்துல ஒரே ஒரு தமிழ் புக்குதான் வெளிய போயிருக்கு. மிச்சத்த ஒங்கண்ணன் எங்க கொண்டு வித்தான்? கம்ப்யூட்டர் பொய் சொல்லாது, கேட்டியா.”

நான் ஒரு அட்டையில் எழுதி வாசலில் தொங்கவிட்டேன்: இசக்கி கொடுத்த புத்தகத்தைத் திருப்பித் தாருங்கள், அவனைக் கள்ளன் என்கிறார்கள். மலைமேல் தேயிலைத் தோட்டத்திலும் அண்ணனிடம் புத்தகம் வாங்குகிறவர்கள் உண்டு; அங்கே போகிற போனக்காடு பஸ் கண்டக்டரிடமும் சொல்லிவிட்டேன்.

இரும்புக்கடைக் கணக்கப்பிள்ளை முதலில் வந்தார். பிறகு தினமும் இரண்டு மூன்று பேர். போனக்காட்டில் கொழுந்து பறிக்கும் மாரியம்மாள் அக்கா, ஏழு வீட்டில் கைமாறிக் கிடந்த புத்தகங்களை பிளாஸ்டிக் தாளில் சுற்றிச் சுமந்து வந்தார். செக்ரட்டரி கம்ப்யூட்டரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். வெளியே போகாத புத்தகம் உள்ளே வராதாம்.

“சிஸ்டம் எடுக்கல்லியே,” என்றார்.

“எடுக்கலன்னா திரும்ப மலைக்குத் தூக்கிட்டுப் போகவா சார்?” என்றார் அக்கா. “ஒங்களுக்குக் கை இருக்குல்ல, எண்ணுங்க.”

எண்ணினார். புத்தக முதுகில் ஒட்டியிருந்த பழைய நம்பர் வரிசையில் ஐந்து தவிர எல்லாம் வந்துவிட்டது. கள்ளன் என்ற பேச்சு நின்றது. மன்னிப்பு வரவில்லை, அதற்கு சிஸ்டத்தில் இடம் இல்லை போல.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். எந்த மெஷின் வந்தாலும், யாருக்கு எதைக் கொடுத்தோம் என்று ஒரு துண்டுத் தாளிலாவது எழுதி வையுங்கள். நாளைக்கும் நாம்தான் வருவோம் என்று என் அண்ணனும் நினைத்திருந்தான்.

நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி, இசக்கியப்பன் என்று பெயர் சொல்லி எல்லோரும் அவனுக்காக ஒருதரம் வேண்டிக்கொள்ளுங்கள்.