கம்புக்கு அந்தப் பக்கம்

வில்லாபுரத்து மண்டபத்துல என் தம்பி மகளுக்குக் காதுகுத்து. கறிச்சோறு முடிஞ்சதும் மைக் பிடிச்ச பொண்ணு, “எல்லாரும் வாங்க, லிம்போ ஆடலாம்!”னு கூப்பிட்டுச்சு. ரெண்டு பேர் கம்பைக் குறுக்கால பிடிக்க, முதுகைப் பின்னால வளைச்சு அடியில நுழையணும். ஒவ்வொரு சுத்துக்கும் கம்பு இறங்கும். என் சித்தப்பா தொப்பையோட மல்லாக்க விழுந்ததுல மண்டபமே சிரிச்சுச்சு. நான் கடைசி வரிசையில இருந்தேன். புருஷன் போனவளுக்கு விசேஷ வீட்டுல எடம் அதுதான், யாரும் சொல்ல வேண்டியதில்ல.

தம்பி கப்பல்ல சமையல்காரன், லீவுக்கு வந்திருந்தான். பக்கத்துல வந்து உக்காந்து குசுகுசுன்னான். “அக்கா, யார்கிட்டயும் சொல்லிராத. டிரினிடாட் தீவுல இது எழவு வீட்டு ஆட்டம்.”

“அடப்பாவி! பச்சப்புள்ள காதுகுத்துலயா ஆடவிட்ட?”

“ஈவென்ட்காரங்க கொண்டாந்துட்டாங்க, என்ன பண்ணச் சொல்ற? ஆப்பிரிக்காவுல இருந்து அடிமையா இழுத்துட்டுப் போன சனங்களோட ஆட்டம்க்கா. கப்பலுக்கு அடியில குனிஞ்சு கெடந்த நெனப்புல வந்ததுன்னும் சொல்லுவாக. செத்தவருக்காக ராத்திரி முழுக்க முழிச்சிருந்து, கொட்டு அடிச்சு ஆடுவாகளாம். ஆனா அப்ப கம்பு இறங்காது. கீழருந்து மேல ஏறும். சாவுல இருந்து எந்திரிச்சு வர்றதுன்னு அர்த்தமாம்.”

என் வீட்டுக்காரருக்குச் சொந்த ஊரு மேளத்துக்குப் பேர்போன வாடிப்பட்டி. எந்தக் கல்யாணச் சாவுன்னாலும் மேளத்துக்கு முன்னால துண்டைச் சுத்தி ஆடுற மனுசன். “எனக்கும் மேளம் வச்சுத்தான் தூக்கணும், ஆமா”ம்பாரு. பேரன் பேத்தி எடுக்காம, நடு வயசுல நெஞ்சுவலியில போய்ட்டாரு. இது கல்யாணச் சாவு இல்ல, கொட்டு கூடாதுன்னு பெரியவுக சொல்லிட்டாக. அம்புட்டு ஆடுன மனுசனைச் சத்தமில்லாம தூக்கிட்டுப் போனாக. தெருமுக்கு திரும்புற வரைக்கும் ஒரு கொட்டுச் சத்தம் கேக்காதான்னு நின்னேன். இன்னைக்கும் எங்கயாச்சும் மேளம் கேட்டா வாசல்ல போயி நின்னுருவேன்.

எந்திரிச்சுப் போனேன். எல்லாரும் என்னையத்தான் பாத்தாக, பாக்கட்டும். “கம்பைக் கீழ வச்சு மேல தூக்கிட்டு வாங்க”ன்னேன்.

மைக் பொண்ணு, “ஆன்ட்டி, அப்புறம் கேம் ஈஸியாயிருமே”ன்னுச்சு.

“ஆயிட்டுப் போகுது, நீ தூக்கச் சொல்லும்மா.”

தம்பிக்குப் புரிஞ்சுபோச்சு. காலையில சீர் வரிசைக்கு அடிச்சுட்டு வாசல்ல டீ குடிச்சுக்கிட்டிருந்த வாடிப்பட்டி மேளக்காரங்களைக் கை காட்டிக் கூப்பிட்டான். ஸ்பீக்கர் பாட்டை நிறுத்தவும் அவுக அடிக்க ஆரம்பிச்சாக.

மொத தடவ சேலையைச் சுருட்டிக்கிட்டுத் தவந்துதான் போனேன். அப்புறம் குனிஞ்சு. கம்பு ஏற ஏற நானும் ஏறுனேன். கடைசியில தலை தட்டாம நிமிந்து வெளிய வந்தேன். மேளம் அதிருது. இம்புட்டு மேளத்துக்கு அவரு துண்டைச் சுத்திக்கிட்டு வந்து நிக்காமலா இருப்பாருன்னு கூட்டத்தைப் பாத்தேன்.

ஒவ்வொரு முகமா பாத்தேன்.