கனடாவின் வாக்கு

வெள்ளைக்காரர் எல்லோருக்கும் ஒரே பாஷைதான், அது ஆங்கிலம் என்று ஒன்பது வயதுவரை நான் நம்பியிருந்தேன். என்மேல் பிழை சொல்ல முடியாது. நாங்கள் இருந்தது ரொறன்ரோவில், அஜின்கோர்ட் பக்கம். வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வீட்டில் சீனம் பேசினார்கள், நாங்கள் வீட்டில் தமிழ் பேசினோம், ரீச்சர் ஆங்கிலம் பேசினார். சீரியல் பெட்டியின் பின்பக்கத்தில் பிரெஞ்சு என்று ஒன்று இருந்தது. அதை யாரும் வாய் திறந்து பேசி நான் கேட்டதில்லை. ஆகவே அது பெட்டிகளுக்கென்று உண்டான மொழி என்று முடிவு கட்டியிருந்தேன்.

அம்மாவின் கூடப்பிறந்தவர்களில் பெரியம்மா நோர்வேயில் இருந்தார், பெரிய மாமா ஜேர்மனியில், சின்ன மாமா பாரிசில். கடைக்குட்டியான சித்தி மட்டும் எங்களோடு. அம்மப்பா காணி பிரித்துக் கொடுப்பதுபோல் ஆளுக்கொரு நாட்டை எழுதிக் கொடுத்திருக்கிறார் என்பது என் எண்ணம். எங்கள் குடும்பம் எவ்வளவு பெரிய குடும்பம் என்று உள்ளுக்குள் ஒரு மிதப்பும் இருந்தது. ஒருநாள் அம்மாவிடம், கனடாவை நீங்கள் கேட்டு வாங்கினீர்களா, மிஞ்சியதைத் தந்தார்களா என்று விசாரித்தேன். அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தி என்னைப் பார்த்துவிட்டு, மறுபடி நறுக்கத் தொடங்கினார்.

சித்திக்குக் கல்யாணம் சரிவந்த கோடையில் எல்லோரும் ரொறன்ரோவுக்கு வந்தார்கள். ஊரைவிட்டு ஒவ்வொருவராகக் கிளம்பிய பிறகு ஐந்து சகோதரங்களும் ஒரே வீட்டில் படுத்தெழும்பியது அந்த இரண்டு கிழமைதான். பெரியவர்களுக்கு மேலே அறைகள். பிள்ளைகளுக்குப் பேஸ்மெண்ட். அங்கே மெத்தைகளை வரிசையாகப் போட்டுவிட்டு அம்மா கதவைச் சாத்தினார். ஐரோப்பா முழுவதும் எங்கள் வீட்டு நிலக்கீழ் அறைக்கு வந்து சேர்ந்தது.

முதல் நாள் காலை, பெரிய மாமாவின் மகனான ஜேர்மன் மச்சானிடம் என் மிகச் சிறந்த ஆங்கிலத்தில் நலம் விசாரித்தேன். அவனுக்குப் பதின்மூன்று வயது, மீசை அரும்பத் தொடங்கியிருந்தது. சுவரைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தான்.

"தமிழிலை கதையுமன். எனக்கு உது அவ்வளவாய் வராது" என்றான்.

நான் திகைத்துப் போனேன். வெளிநாட்டில் வளர்ந்தவனுக்கு ஆங்கிலம் வராதா? பாவம், பள்ளிக்கூடம் அனுப்பவில்லை என்று நினைத்தேன். பிறகு சின்ன மாமாவின் மகள், என் வயதுக்கு ஒன்றிரண்டு கூடிய பாரிஸ் மச்சாள், தொண்டைக்குள் எதையோ கொப்புளிப்பதுபோல் பிரெஞ்சு பேசினாள். பெட்டிகளின் மொழிக்கு உயிர் வந்துவிட்டது. வாயைப் பிளந்துகொண்டு இன்னும் பேசு, இன்னும் பேசு என்று அவளைத் துரத்தினேன். அவள் சளைக்காமல் பேசினாள்.

எங்கள் வீட்டு இலக்கம் தொண்ணூற்றேழு. ஜேர்மனில் அதை ஏழும் தொண்ணூறும் என்று பின்னிருந்து முன்னாகச் சொல்வார்களாம். பிரெஞ்சில் நாலு இருபதும் பதினேழும் என்பார்களாம். ஒரு வீட்டைக் கண்டுபிடிக்கப் பெருக்கலும் கூட்டலும் செய்கிற நாட்டில் தபால்காரர்கள் எப்பேர்ப்பட்ட சூரர்களாக இருக்க வேண்டும் என்று வியந்தேன். பாரிசில் இளசுகள் சொற்களைத் தலைகீழாகத் திருப்பிப் பேசுவார்களாம், பெரியவர்களுக்கு விளங்காமல். மச்சாள் அதைத் தமிழுக்கும் கொண்டுவந்தாள். சாப்பாட்டு மேசையில் "றுசோ போடுங்கோ, ழிகோ வேண்டாம்" என்றாள். சோறும் கோழியும் அப்படிப் புரண்டு விழுந்ததில் சின்ன மாமா கரண்டியை ஓங்கினார். மாமாவையும் திருப்பிப் பார்த்தாள், அவர் மட்டும் எப்படித் திருப்பினாலும் மாமாவாகவே இருந்தார்.

எல்லோரையும்விட என்னை மயக்கியது நோர்வே அக்கா. பெரியம்மாவின் ஒரே மகள். நோர்வேயின் வடக்கு முனையில், பெரியம்மா மீன் வெட்டும் தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு சின்னத் துறைமுக ஊரில் வளர்ந்தவள். அதிகம் பேசமாட்டாள். ஆமாம் என்பதை மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு சொல்வாள். அந்தப் பக்கத்து ஆட்கள் எல்லோரும் அப்படித்தானாம். மாப்பிள்ளையின் தாயார் வீட்டுக்கு வந்தபோது அன்பாக, "சாப்பிட்டியே பிள்ளை?" என்று கேட்டார். அக்கா திடுக்கென்று மூச்சை இழுத்து "ஓம்" என்றாள்.

"ஐயோ, பிள்ளைக்கு இழுக்குது! தண்ணி கொண்டு வாங்கோ!" என்று அந்த அன்ரி கத்தினார்.

பெரியம்மா சமையலறையிலிருந்து ஓடிவந்து, ஒன்றுமில்லை, அது எங்கள் ஊர்ப் பழக்கம் என்று விளக்கினார். அப்படியா என்று அன்ரி கேட்க, பெரியம்மாவும் மூச்சை இழுத்து "ஓம்" என்றார். முப்பது வயதுவரை யாழ்ப்பாணத்தில் இருந்த பெரியம்மா! தனக்கும் அது தொற்றியிருப்பது அன்றுதான் அவருக்கே தெரிந்ததுபோலும், சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அன்றிரவு முழுக்க நான் மெத்தையில் கிடந்து மூச்சை இழுத்து இழுத்து ஓம் சொல்லிப் பழகினேன். இருமல்தான் வந்தது.

கல்யாணம் சிறப்பாக முடிந்தது. மறுநாள் ஞாயிறு. திங்கள் எல்லோருக்கும் விமானம். இனி என்ன செய்வது என்று தெரியாமல் பேஸ்மெண்டில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தபோது பாரிஸ் மச்சாள்தான் அந்த யோசனையைச் சொன்னாள். ஐரோப்பாவில் வருடத்துக்கு ஒருமுறை நாடுகளுக்கிடையே பாட்டுப் போட்டி நடக்குமாம். ஆளுக்கொரு பாட்டு அனுப்புவார்களாம். யாரும் தன் நாட்டுக்கு வாக்குப் போடக் கூடாதாம். வெல்கிற நாட்டில்தான் அடுத்த வருடத்துப் போட்டியாம், மற்றவர்கள் எல்லோரும் அங்கே போக வேண்டுமாம்.

"நாங்களும் வைப்பம். ஆர் வெல்லுகினமோ, அடுத்த சமருக்கு எல்லாரும் அவையின்ரை வீட்டை" என்றாள்.

அடுத்த கோடையிலும் இவர்கள் எல்லோரும்! அதற்கு ஒரு பாட்டு வென்றால் போதும்! எங்களிடம் இருந்த ஒரேயொரு ஆங்கிலக் கசெற்றைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக நின்றேன். ஜேர்மன் மச்சான் கையை நீட்டித் தடுத்தான்.

"கனடா ஐரோப்பாவிலை இல்லை. நீர் பாட்டுப் போடேலாது."

எனக்கு அழுகை முட்டியது. சட்டம் அவன் பக்கம் இருந்ததால் வாதாடவும் வழியில்லை. வாக்குப் போடலாம் என்று பாரிஸ் மச்சாள் சமாதானம் செய்தாள். படிக்கட்டின் கடைசிப் படியில் கனடாவாக உட்கார்ந்தேன்.

முதலில் ஜேர்மனி. மச்சான் போட்டது சொல்லே இல்லாத ஒரு இடி. டும் டும் டும் என்று சுவர் அதிர்ந்தது, இடையிடையே ஒருவன் எதையோ அதட்டினான். அங்கே இளைஞர்கள் இதற்கு விடியும்வரை ஆடுவார்களாம். பெரிய மாமாவுக்கு இது ஆகாதாம். அவருக்குப் பிடித்தது வேறு ஜேர்மன் பாட்டு. திருவிழாக் கொட்டகையில் நீள வாங்குப் பலகைகளில் உட்கார்ந்து, பக்கத்து ஆளோடு கைகோத்து இடமும் வலமும் ஆடிக்கொண்டு, மலையையும் வீட்டையும் நினைத்து உருகிப் பாடுகிற பாட்டு. பெரிய மாமா ஆடுவதை மச்சான் நடித்துக் காட்டினான். எந்த நேரமும் உலக அரசியல் பேசுகிற என் பெரிய மாமா, வெள்ளைக்காரருக்கு நடுவில் கைகோத்து ஆடுகிறார்! நாங்கள் மெத்தையில் உருண்டு சிரித்தோம்.

அடுத்தது பிரான்ஸ். மூச்சு விடாமல் ஒருவன் பேசிக்கொண்டே போகிற பாட்டு. மச்சாள் ஒவ்வொரு சொல்லையும் கூடவே சொன்னாள், விரலை எங்கள் முகத்துக்கு நேரே ஆட்டி ஆட்டி. பாடுகிறவனின் தாய் தகப்பனும் வேறு நாட்டிலிருந்து வந்தவர்களாம், எங்களைப்போல. அங்கே ரேடியோவில் பிரெஞ்சுப் பாட்டுக்களும் போட்டே ஆக வேண்டும் என்று சட்டமே இருக்கிறதாம். ஒரு பாட்டைக் காப்பாற்ற அரசாங்கம் சட்டம் போடுகிறது என்றால் அது எப்பேர்ப்பட்ட பாட்டாக இருக்கும் என்று எனக்குப் புல்லரித்தது.

கடைசியாக நோர்வே. அக்கா ஒரு கசெற்றைப் போட்டுவிட்டு ஓரமாகப் போய் இருந்தாள். ஒரு பெண் குரல், பின்னால் மெதுவாக ஒரு மேளம். அதிலும் சொற்கள் இல்லை. ஆனால் இடி இல்லை. ஓ என்றும் லா என்றும் போய், வளைந்து, தொடங்கிய இடத்துக்கே வந்து, மறுபடி கிளம்பியது.

"என்ன சொல்லுறா?" என்று கேட்டேன்.

"ஒண்டும் சொல்லேல்லை. எங்கடை பக்கம் மான் வளர்க்கிற சனம் இருக்கு. அவையின்ரை பாட்டு. இப்ப ரேடியோவிலையும் போகுது" என்றாள் அக்கா.

"ஆரைப் பற்றின பாட்டு?"

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "ஆரையும் பற்றி இல்லை. அவைக்கு ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பாட்டு இருக்கு. அதைப் பாடினால் அந்த ஆள் அங்கை நிக்கிறார் எண்டு அர்த்தம்."

டும் டும் மச்சான்கூட மெத்தையில் சாய்ந்து கேட்டுக்கொண்டு இருந்தான். மேலே சமையலறையில் பெரியவர்கள் நடக்கிற சத்தம் கேட்டது. ஜேர்மன் பாட்டை மச்சான் விளக்கினான், பிரெஞ்சுப் பாட்டை மச்சாள் விளக்கினாள். இதற்கு ஒன்றும் தேவைப்படவில்லை. இந்தப் பாட்டில் மட்டும் நாங்கள் நால்வரும் ஒரே அளவு விளங்காமல், ஒரே அளவு விளங்கிக்கொண்டு இருந்தோம்.

வாக்கெடுப்பு நடந்தது. ஜேர்மனி பிரான்சுக்குப் போட்டது, பிரான்ஸ் நோர்வேக்கு, நோர்வே ஜேர்மனிக்கு. ஆளுக்கொன்று. எல்லோரும் படிக்கட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். ஐரோப்பா என் கையில் இருந்தது.

இலஞ்சம் உடனே தொடங்கியது. சொக்லற் தொழிற்சாலைக்குக் கூட்டிப்போவதாக மச்சான் சொன்னான், இரும்புக் கோபுரத்தின் உச்சிக்கு ஏற்றுவதாக மச்சாள் சொன்னாள். நோர்வே அக்கா மட்டும் ஒன்றும் தருவதாகச் சொல்லவில்லை.

"அங்கை என்ன இருக்கு?" என்று நானே கேட்டேன்.

"சமரிலை சூரியன் மறையாது. வேறை ஒண்டும் இல்லை" என்றாள். பிறகு கசெற்றைப் பார்த்துக்கொண்டே, "எங்கடை ஊரிலை தமிழ் வீடு எங்கடை மட்டும்தான். நீங்கள் எல்லாரும் வந்தால் நல்லம்" என்றாள்.

அந்தக் குரலில் இருந்த ஆசையைக் கேட்ட பிறகு எப்படி வேறு யாருக்கும் வாக்குப் போடுவது? நோர்வே என்றேன். அக்கா துள்ளி எழும்பினாள். பிறகு நான் அதுவரை கேட்டறியாத ஒரு சத்தம் போட்டுக்கொண்டு, படிக்கட்டில் என்னையும் இழுத்துக்கொண்டு மேலே ஓடினாள்.

சமையலறையில் பெரியவர்கள் மிஞ்சிய கல்யாணப் பலகாரத்தோடு பெட்டிகளைத் தராசில் நிறுத்துக்கொண்டு இருந்தார்கள். அவற்றுக்குள் எதை வைப்பது என்று அப்போதும் சண்டை. அந்த இரண்டு கிழமையும் அவர்கள் சண்டை பிடிக்காத விஷயமே இல்லை. மணவறையின் நிறம், ஐயர் வந்த நேரம், வடையில் உப்பு எல்லாவற்றுக்கும் இரண்டு கட்சி.

"அம்மா, அடுத்த சமருக்கு எல்லாரும் எங்கடை வீட்டை வருகினம்! வோட்டுப் போட்டு முடிஞ்சுது!" என்று அக்கா மூச்சிரைக்கச் சொன்னாள்.

எல்லோரும் தராசு முள் ஆடி நிற்பதையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள். பெரிய மாமாதான் முதலில் பேசினார்.

"ஓம், வரத்தானே வேணும்."

"நான் ஒரு கிழமை முந்தியே வந்திடுவன்" என்றார் சின்ன மாமா. அப்பா, மிளகாய்த்தூள் தன் பொறுப்பு என்றார். புதுமாப்பிள்ளையோடு வந்திருந்த சித்தி, தாங்கள் இரண்டு பேரும் வருவோம் என்றார். என் அம்மா குளிர்ச் சட்டை வேண்டுமா என்று கேட்டார். பெரியம்மா பலகாரத்தை மேசையில் வைத்துவிட்டு யார் யாருக்கு எங்கே படுக்கை என்று சொல்லத் தொடங்கினார். அண்ணைக்கு ஜன்னல் பக்கத்து அறை, அவருக்கு முதுகு ஏலாது. தம்பிக்கு ஹோலில் சோபா. பெட்டையள் எல்லோரும் தன்னோடு. வீட்டில் மொத்தம் இரண்டே அறைகள் என்று அக்கா எனக்குச் சொல்லியிருந்தாள், ஆனாலும் பெரியம்மா சொல்லச் சொல்ல எல்லோருக்கும் இடம் கிடைத்துக்கொண்டே இருந்தது. தனக்குச் சோபா வேண்டாம், கட்டில்தான் வேண்டும் என்று சின்ன மாமா அடம்பிடித்தார். பெரிய மாமா அவருக்காக ஜன்னல் அறையை விட்டுக்கொடுத்தார்.

நான் வாசலில் நின்று அவர்களை மாறி மாறிப் பார்த்தேன். ஒன்பது வயதுப் பெட்டை படிக்கட்டில் இருந்து ஒரு சொல் சொல்ல, வடையின் உப்புக்கு ஒத்துவராத ஐந்து சகோதரங்களும் ஒருவர்கூட மறுத்துப் பேசாமல் சம்மதித்துவிட்டார்கள். என் வாக்குக்கு அப்படி ஒரு வலிமை இருக்கும் என்று எனக்கே தெரிந்திருக்கவில்லை. பெருமை தாங்க முடியவில்லை. மறுநாள் விமான நிலையத்தில் ஆளுக்கொரு வரிசையில் நின்று எல்லோரும் அழுதபோதும் நான் மட்டும் அழவில்லை. ஒரு வருடம்தானே.

ஐந்து பேரும் அதன்பிறகு ஒரு கூரையின் கீழ் சேரவே இல்லை. ஆனால் நான் இப்போதும் நினைத்துப் பார்ப்பது அந்தச் சமையலறையைத்தான். விசா, லீவு, ரிக்கெற். அந்த இரண்டு கிழமையும் ஒவ்வொரு சாப்பாட்டின்போதும் அவர்கள் இந்த மூன்றையும்தான் பேசினார்கள். யாருக்கு எத்தனைமுறை மறுத்தார்கள், யார் எந்த முதலாளியின் காலில் விழுந்தார்கள், யார் எவ்வளவு கடன்பட்டு வந்தார்கள் என்று. அன்று மாலை, பெரியம்மா படுக்கை போட்டுக்கொண்டிருந்த அந்தக் கொஞ்ச நேரம், ஒருவர் வாயிலும் அந்தச் சொற்கள் வரவில்லை. அவர்கள் மறந்துவிட்டார்கள் என்றுதான் அப்போது நான் நினைத்தேன்.