இடப்பக்கம் சுற்றிய கார்

நகரியில் புத்தூர் சாலையோரம் ஒரு டயர் கடை. அங்கே வீல் அலைன்மென்ட் பார்ப்பவள் தேவயானி. விசைத்தறி வீட்டுப் பெண். பன்னிரண்டு வருடத்துக்கு முன் பில் போடத்தான் சேர்ந்தாள். அலைன்மென்ட் பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று பெங்களூருக்குப் போய்விட, முதலாளி "ஒரு வாரம் நீ பாத்துக்கோம்மா" என்றார். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை. வருகிறவர்கள் "மெக்கானிக் எங்கம்மா?" என்பார்கள். "வண்டிக்கு அடியில" என்று சொல்லிவிட்டு அவளே அடியில் புகுந்துகொள்வாள்.

போன மாசியில் உரக்கடை சிவசங்கரன் தன் காரைக் கொண்டுவந்தார். மாட்டுக்கு வழிவிடப் போய் மைல்கல்லில் மோதிய கார். சித்தூரில் டிங்கரிங், பெயின்ட் முடித்து, காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலில் பூஜையும் போட்டாயிற்று. பானெட்டில் முகம் பார்த்துத் தலை வாரலாம், அப்படி ஒரு பளபளப்பு.

"எல்லாம் ரெடிம்மா. அடியில இன்னாமோ டொக்கு டொக்குனு சத்தம் வந்துகினே கீது. அதை மட்டும் பாரு. நாளைக்குக் குடும்பத்தோட திருமலைக்குப் போறோம், பேரனுக்கு மொட்டை."

வண்டியை லிப்டில் ஏற்றினாள். இடது முன்சக்கரத்தின் உள்பக்கம், இரும்புச் சந்தில் ஒரு தேங்காய் மூடி இறுகிக் கிடந்தது. பூஜையில் உடைத்தது; எப்படிப் போய்ச் சேர்ந்ததோ. திருகி எடுத்துக் கொடுத்தாள். சிவசங்கரன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"சத்தம் போச்சில்ல? எறக்கும்மா."

"இருங்க சார்."

சக்கரத்தை இரு பக்கமும் பிடித்து அசைத்தாள். விழப்போகும் பல் மாதிரி ஆடியது. சக்கரத்தைத் திருப்புகிற டை ராடு வளைந்திருந்தது. சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் லோயர் ஆர்ம் பின்பக்கம் மடங்கியிருந்தது. டேப் பிடித்து முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே அளந்தாள். வலப்பக்கத்தைவிட இடப்பக்கம் இரண்டு விரற்கடை குறைவு.

"சார், இதுல மலையேறாதீங்க. வளைவுல ராடு ஒடைஞ்சா ஸ்டியரிங் உங்க கையில இருக்கும், சக்கரம் அது பாட்டுக்குப் போவும்."

"சாமிகிட்ட போற வண்டிம்மா. அவரு பாத்துக்குவாரு."

"மைல்கல்லுல மோதும்போதும் சாமி படம் உள்ளதானே இருந்திச்சி?"

"அதான் உயிரோட கீறேன்."

கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினாள். அளவு தப்பிய எண்கள் எல்லாம் சிவப்பு.

"செவப்பு மங்களகரந்தானே?" என்றார்.

கடைக்கு எதிரே சந்தை மைதானம் அன்று காலியாக இருந்தது. தேவயானி அவரை அங்கே ஓட்டச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து ஹேண்ட்பிரேக்கில் கை வைத்துக்கொண்டாள். "இப்ப ஸ்டியரிங்க விட்டுடுங்க சார்."

விட்டார். கார் நடைவேகத்தில் நேராகப் போய், மெல்ல இடப்பக்கம் திரும்பியது. மைதானத்து நடுவே வேப்பமரம், அதன் அடியில் நாகாத்தம்மன் கல். கார் அதை ஒரு சுற்றுச் சுற்றியது. சிவசங்கரன் முகம் மலர்ந்தது. "பாத்தியா? தானா அம்மனைச் சுத்துது!"

இரண்டாவது சுற்றில், மரத்தடியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த சென்னம்மா எழுந்துவிட்டாள்.

"ஏமய்யா! அம்மனை எடப்பக்கமா சுத்திக்கினு இருக்கியே, யாருக்குச் செய்வினை வெக்கிறே?"

அவர் பிரேக் போட்ட வேகத்தில் தேவயானியின் நெற்றி கண்ணாடியில் இடித்தது. சிவசங்கரன் இறங்கி, அம்மனைப் பார்த்து நின்று, கையைக் காற்றில் சுழற்றி, எந்தப் பக்கம் சுற்றினோம் என்று இரண்டு முறை சரிபார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"இன்னா இன்னா மாத்தணுமோ அத்தனையும் மாத்தும்மா. இந்த வண்டி இனிமே ஒரு அடி நகரக் கூடாது."

ஒரு மணி நேரமாக ராடையும் அளவையும் காட்டித் தொண்டை வறண்டவள் அவள். கோபம் வந்தது, கூடவே நிம்மதியும். லிப்டுக்கு அடியில் போய் நின்று, யாரும் பார்க்காமல் சிரித்துத் தீர்த்தாள்.

குடும்பம் மறுநாள் பஸ்ஸில் மலையேறியது. மூன்றாம் நாள் லட்டோடு வந்த சிவசங்கரனுக்கும் மொட்டை. ராடு, ஆர்ம், பால் ஜாயின்ட் எல்லாம் புதிது. திரையில் எண்கள் பச்சை.

"எந்தப் பக்கமும் இழுக்காதா?"

"இழுக்காது சார். நேரா போவும்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "எதுக்கும் லேசா வலப்பக்கம் இழுக்கிறாப்ல வெச்சிடேம்மா."

தேவயானி அடியில் புகுந்தாள். ஏற்கெனவே முறுக்கிய போல்ட்டை ஸ்பானரால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு வெளியே வந்தாள்.

"வெச்சிட்டேன் சார்."

கார் புத்தூர் சாலையில் நூல் பிடித்த மாதிரி நேராகப் போயிற்று. சிவசங்கரன் மட்டும் சீட்டில் வலப்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.