ஒரு பக்க இன்ஜின்

பசுமலையில் வாடகைக்கு மாடி பார்க்கப் போனபோதுதான் அந்த வீட்டுக்காரரைச் சந்தித்தேன். சட்டைப் பையில் அரம், மூக்கு நுனியில் கண்ணாடி, முகத்தில் உலகத்துக்கே முதலாளி என்ற நினைப்பு. தண்ணீர் வருமா என்று கேட்டேன். "இருபத்துநாலு மணி நேரமும் வரும்" என்று சொல்லிவிட்டு, மாடியைக் காட்டாமல் தன் மேசைக்கு இழுத்துப் போனார்.

அங்கே முழ நீளத்துக்கு ஒரு பித்தளை இன்ஜின் நின்றது. எங்கோ ஒரு மலையில் குறுகிய தண்டவாளத்தில் ஓடிய, இரண்டு முனையிலும் புகைபோக்கி வைத்த விசித்திர ரயில் இன்ஜினின் சின்ன மாதிரி. கடையில் வாங்கியது ஒன்றுகூட இல்லையாம். ஒவ்வொரு போல்ட்டும் அவரே தேய்த்துச் செய்ததாம். பேச்சுக்குப் பேச்சு, இல்லாத தூசியை "உஃப்" என்று ஊதினார். கொட்டாவியை அடக்க மேசையைச் சுற்றி நடந்தேன். இன்ஜினின் மறுபக்கம் வெறும் தகடு.

"என்ன சார், இந்தப் பக்கம் ஒண்ணுமே இல்ல?"

"எனக்குக் கிடைச்சது ஒரே போட்டோ. அதுல அந்தப் பக்கம் தெரியல. பாக்காத போல்ட்ட எப்புடி வைப்பேன்? பொய்யாயிரும்ல!" என்று சீறினார்.

வாரேன் என்று கிளம்பினேன். வாசற்படியில் அவர் மனைவி, இடுப்பில் குடத்தோடு மூச்சிரைக்க ஏறி வந்தார்.

"வழி விடுங்க தம்பி. தண்ணி லாரி போறதுக்குள்ள இன்னும் ரெண்டு குடம் பிடிக்கணும்."

உள்ளே, "உஃப்" என்று ஊதும் சத்தம் கேட்டது.