நட்சத்திரத்தை மறைக்கும் தட்டு

எங்கள் தீவில், திக்லிபூரில் என் கடை வாசலில்தான் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும். லீவில் ஊருக்கு வந்திருந்த ஓர் இன்ஜினியர் பெண் அங்கே நின்று, துப்பட்டாவால் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போனில் வாதாடினாள். வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கிரகங்களைப் பார்க்க, விண்வெளித் தொலைநோக்கிக்குக் கருவி வடிவமைப்பவள். அதிலிருந்து, நட்சத்திர ஒளியை மறைக்கும் தட்டைச் செலவைக் குறைக்க எடுத்துவிடச் சொன்னார்கள் அவள் மேலதிகாரிகள்.

“அது இல்லாட்டி வெளிச்சத்துல கிரகமே தெரியாது சார். வேணும்னா என்னை எடுத்துடுங்க” என்று போனை வைத்தாள்.

“நௌகரி, வேலை போச்சாம்மா?” என்றேன்.

“போனா போகட்டும் பாய். நாளைக்கே மெயின்லேண்டுக்குக் கிளம்புறேன். கூப்பிடாட்டியும் மீட்டிங்ல போய் உட்காருவேன்.”

மறுநாள் விமானம் பிடிக்க முதல் பஸ்ஸில் போயும்விட்டாள். யாரும் கண்ணால்கூடப் பார்க்காத ஓர் உலகத்துக்காக இப்படிச் சண்டை போட்ட இன்னொருவரை நான் பார்த்ததில்லை.