பாஸ் பெட்டியின் மறுமுனை

என் அண்ணன் லீத், ஆஸ்திரேலியாவில் வையாலா என்ற ஊரில் ஒரு டைல்ஸ் கடையில் வேலை பார்த்தான். வெள்ளிக்கிழமை கடை அடைத்ததும் 'ஈரத்துண்டு' என்ற ராக் பேண்டுக்கு பாஸ் கிடார் வாசிக்கக் கிளம்பிவிடுவான். மேடையில் அவனை யாரும் பார்த்ததில்லை. எல்லோரும் பாடகன் கோரினைத்தான் பார்த்தார்கள். கோரினிடம் தலைமுடி இருந்தது. லீத்திடம் வேன் இருந்தது.

சாமானைத் தாங்களே சேர்ந்து தூக்க வேண்டும்: பேண்டுக்கு இருந்தது இந்த ஒரு சட்டம்தான். லீத்தின் ஸ்பீக்கர் பெட்டிக்கு ஃபிரிட்ஜ் என்று பெயர். உயரமும் கனமும் அப்படி. ஒன்றாம் வகுப்பிலிருந்தே கூட்டாளிகளான லீத்தும் கோரினும் ஆளுக்கொரு முனை பிடிப்பார்கள். ஐந்து வருஷம், எத்தனையோ பப்புகளின் படிக்கட்டுகள். ஒருமுறை அதற்குள் நான் இரண்டு செங்கல்லை ஒளித்து வைத்தேன். பதினோரு ஊர் சுமந்த பிறகுதான் லீத் கண்டுபிடித்தான். "எனக்கு வயசாயிடுச்சுன்னுல்ல நினைச்சேன்" என்றான். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பிறகு அவர்கள் பாட்டு ஒன்று ரேடியோவில் ஓடியது. சிட்னி ரெக்கார்டு கம்பெனி ஒன்று வந்து, தூக்குவதற்கு இரண்டு ஆட்களையும் கொடுத்தது. கோரின் குனிவதை நிறுத்திவிட்டான்.

தொண்ணூற்றாறு ஜனவரியில், நடுக்கோடையில், அடிலெய்டில் கச்சேரி. மேடை மாடியில். வெயில் நாற்பத்திரண்டு டிகிரி. பள்ளி விடுமுறை என்பதால் டி-ஷர்ட் விற்கத் தங்கச்சி நானும் போனேன். அடுத்த மாதம் பேண்ட் அமெரிக்கா போகிறது. லீத் கடை வேலையை விட வேண்டும். வழியில் கறி அடைத்த மீட் பை வாங்க நிறுத்தியபோதுதான் வாய் திறந்தான்.

"இன்னைக்கு கோரின் ஒரு முனை பிடிச்சான்னா வேலைய விட்டுடுவேன்."

"பிடிக்கலைன்னா?"

"டைல்ஸ் இருக்கு."

பெட்டியைப் படிக்கட்டின் அடியில் நிறுத்திவிட்டு அதன்மேலேயே சாய்ந்துகொண்டான். கம்பெனி ஆட்கள் இரண்டு தடவை வந்தார்கள். "ஆள் வரும்" என்று அனுப்பிவிட்டான். ஆள் ஏசி காரில் பத்திரிகைக்காரிக்குப் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் கழித்து வந்தது.

"என்னடா, இது இன்னும் மேல போகலையா?"

"கனமா இருக்கு."

"அதுக்குத்தான ஆளுங்க இருக்காங்க, மச்சான். நான் முதுகப் பாத்துக்க வேணாமா? பாடணும்ல?"

"நீ முதுகாலயா பாடுற?" என்றேன்.

"இவள யாரு கூட்டிட்டு வந்தது?"

லீத் சட்டையால் முகத்தைத் துடைத்தான். "நான் வீட்டுக்குப் போறேன், கோர்."

"சாயங்காலம் யாரு வாசிக்கிறது?"

"கம்பெனி அதுக்கும் ஆள் குடுக்கும்."

அவன் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் கோரின் சண்டை போட்டிருப்பான்.

"வேன் எங்க நிறுத்தியிருக்க?"

"பின்பக்கம்."

கோரின் குனிந்து மறுமுனையைப் பிடித்தான். லீத் பின்னோக்கி நடக்க, கோரின் "வாசப்படி... பள்ளம்... இடது பக்கம் வா" என்று வழி சொல்லிக்கொண்டே வந்தான். ஒரு இடத்திலும் இடிக்கவில்லை.

'ஈரத்துண்டு' அமெரிக்கா போய்விட்டு ஏப்ரலில் கலைந்தது. அடிலெய்டிலிருந்து திரும்பிய அந்தத் திங்கட்கிழமை கடை எட்டரைக்குத் திறந்தது. லீத் எட்டேகாலுக்கே போய் வாசலில் நின்றான்.