மக்டலீன் கேட்ட திறப்பு

மக்டலீனுக்குக் கோபம் வந்தால் குரல் தணிந்துவிடும். மற்றவர்கள் கத்துகிற இடத்தில் அவள் மெல்லப் பேசுவாள். அதைப் பார்த்து அவளைச் சாது என்று நினைத்து வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் பலர். யாழ்ப்பாணத்துப் பாசையூரில் மீன் வியாபாரிமார். ரொறொன்ரோவில் இராஜரட்ணம்.

கடலுக்குப் போன கணவன் திரும்பி வராமல் போன அடுத்த வருடம், மகள் நிரூபாவைக் கொழும்பில் தங்கையிடம் விட்டுவிட்டுத் தனியாகக் கனடா வந்தவள் அவள். ரொறொன்ரோவின் டோர்செட் பார்க்கில் வேறு இரண்டு பெண்களோடு ஒரு அப்பார்ட்மென்ட். வேலை, இராஜரட்ணத்தின் தையல் கூடத்தில். பழைய கட்டடமொன்றின் இரண்டாம் மாடியில் இருபத்திரண்டு மெசின்கள், இருபத்திரண்டு தமிழ்ப் பெண்கள். வருடம் முழுக்கக் குளிர் ஜக்கெற் தைத்தார்கள்.

இராஜரட்ணம் அவர்கள் எல்லோருக்கும் அண்ணை. யாருடைய மகளுக்குச் சாமத்தியச் சடங்கு நடந்தாலும் முன்வரிசையில் அவர் இருப்பார். செத்த வீடென்றால் சொந்தக்காரருக்கு முன்னமே வந்து நிற்பார். ஊரில் இருக்கிற பிள்ளையையோ புருஷனையோ கனடாவுக்குக் கூப்பிட வேலைக் கடிதம் வேண்டுமென்றால் அவர்தான் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இப்படிப்பட்ட மனிதரை எதிர்த்து எப்படி வாய் திறப்பது? அந்தத் தையல் கூடத்தில் இருபத்திரண்டு வாய்களும் இப்படித்தான் மூடிக் கிடந்தன.

அது மட்டுமில்லை, அண்ணை தோழரும்கூட. யாழ்ப்பாணத்தில் சீனச் சார்புக் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தவர். மே தின மேடையில் அவர் பேசினால் மைக் அதிரும் என்பார்கள். இங்கேயும் அவருடைய ஒஃபிஸ் சுவரில் செங்கொடி உண்டு. பின்கதவின் திறப்பு மட்டும் எப்போதும் அவர் பொக்கற்றுக்குள் இருக்கும். துணி களவு போகிறதாம். அதனால் பின்படிக்கட்டுக்குப் போகும் கதவுக்கு ஆமைப்பூட்டு.

தொண்ணூற்றி நான்காம் ஆண்டு ஏப்ரலில் ஒரு நாள் துணி தேய்க்கிற அயனின் வயர் பற்றிக்கொண்டது. வாசல் பக்கம் முழுக்கப் புகை. பெண்கள் பின்கதவுக்கு ஓடினார்கள். பூட்டு. அண்ணை வங்கிக்குப் போயிருந்தார், திறப்பும் அவரோடு போயிருந்தது. ஆறு மாதக் கர்ப்பிணியான ஜோசப்பின் கதவைக் கையால் அடித்து அடித்துக் கடைசியில் நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். வயர் தானாக எரிந்து அணைந்தது. யாரும் சாகவில்லை. சாகவில்லை என்பதற்காக அதை மறந்துவிட முடியுமா?

அடுத்த நாள் மக்டலீன் அவருடைய ஒஃபிஸுக்குப் போனாள்.

"அண்ணை, இனி அந்தக் கதவைப் பூட்டாதேங்கோ. நேற்றுச் செத்திருப்பம்."

"எனக்கு விளங்குது பிள்ளை. ஆனா போன மாசம் மட்டும் மூண்டு ரோல் துணியைக் காணேல்லை."

"அப்ப நாங்கள் கள்ளரோ?"

"ஐயோ, உன்னை ஆர் சொன்னது? மகளின்ர கடிதத்தை வாற கிழமை எழுதித் தாறன், என்ன?"

கதவைப் பற்றிக் கேட்டவளுக்குக் கடிதத்தைக் காட்டி வாயை அடைத்தார். மகளை நினைத்து அவளும் பேசாமல் மெசினுக்குத் திரும்பினாள். அதை நினைத்துத் தன்மேலேயே அவளுக்கு வெறுப்பாக இருந்தது.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தமிழ்ச் சங்கமொன்று 'தொழிலாளர் நடை' வைத்தது. முப்பதுகளில் கம்யூனிஸ்டுகள் தையல் தொழிலாளர் நடுவில் வேலை செய்த ஸ்பதைனா தெருவை நடந்து பார்ப்பதுதான் திட்டம். நடத்திக் காட்டுகிறவர் வேறு யார், இராஜரட்ணம்தான். சனம் சேர வேண்டுமென்று தன் வேலையாட்களையும் வரச் சொன்னார். அண்ணை கூப்பிட்டு எப்படி மறுப்பது? ஒன்பது பேர் போனார்கள். மற்றப்படி, கமராவும் தோள்பையுமாக முப்பது பேர் வந்திருந்தார்கள்.

மனிதர் நன்றாகத்தான் பேசினார், அதை இல்லையென்று சொல்லக்கூடாது. செங்கல் கட்டடங்களைக் காட்டிக் காட்டி, இங்கே கூட்டம் கூடினார்கள், இங்கே பொலிஸ் அடித்துக் கலைத்தது, இந்த இடத்தில் பனிக்குள்தான் தையல்காரப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்து நின்றார்கள் என்றார். தன்னைப் போலவே வேறு நாட்டிலிருந்து வந்து மெசின் மிதித்த பெண்கள் இந்தத் தெருவில் நின்றார்கள் என்பது மக்டலீனுக்குப் புதுச் செய்தி. அவள் ஒரு சொல் விடாமல் கேட்டாள்.

கடைசிக் கட்டடத்தின் முன்னால் அவர் குரலை உயர்த்தினார்.

"பெண்களை உள்ளுக்கு விட்டுப் பூட்டிப்போட்டு வேலை வாங்கின முதலாளிமார் இருந்தவங்கள், தோழர்களே! அவங்களெல்லாம் மனிசரோ?"

சனம் கைதட்டியது. மக்டலீன் கைதட்டவில்லை. நாக்கூசாமல் இந்த மனிதர் என்ன பேசுகிறார்? பக்கத்தில் ஜோசப்பின் நிற்கிறாள், அவளைப் பார்த்துமா இந்த வாய் இதைச் சொல்கிறது?

"கேள்வி ஏதும் இருக்கோ?" என்றார் அவர்.

"அண்ணை, பூட்டின கதவை ஆர் திறந்தது?" மக்டலீனின் குரல் நன்றாகத் தணிந்திருந்தது.

"அருமையான கேள்வி! தொழிலாளர்தான். ஒண்டாய் நிண்டு கேட்டவை, திறந்தது."

"அப்ப நாங்களும் கேக்கிறம். எங்கட பின்கதவின்ர திறப்பைத் தாங்கோ."

கையை நீட்டினாள். அவர் சிரித்தார்.

"பிள்ளை பகிடி விடுறா."

"பகிடி இல்லை. போன மாசம் நெருப்புப் பிடிச்சு, பூட்டின கதவுக்குப் பின்னால நிண்டனாங்கள். இந்தப் பிள்ளை வயித்தோட நிண்டது. எல்லாருக்கும் சொல்லுங்கோ, அண்ணை."

தாடி வைத்த ஒருவர், "உண்மையோ தோழர்?" என்று கேட்டார்.

"உது வேற விசயம். இன்சூரன்ஸ், செக்யூரிற்றி எண்டு ஆயிரம் இருக்கு. உதை இஞ்சை கதைக்கேலாது."

கேட்டவர் தலையாட்டினார். கமராக்காரர்கள் கட்டடத்தின் உச்சியைப் பார்க்கத் தொடங்கினார்கள். அறுபது வருடத்துக்கு முந்தின அநியாயத்துக்குக் கைதட்டிய முப்பது பேரில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. ஜோசப்பின்தான் முதலில் மக்டலீனின் கைக்குப் பக்கத்தில் தன் கையை நீட்டினாள். பிறகு மற்றவர்கள். நடைபாதையில் ஒன்பது கைகள் நீண்டு நின்றன.

"திங்கட்கிழமை கதைப்பம்" என்றுவிட்டு, அவர் சனத்தைச் சாப்பாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை ஒருவரும் மெசினில் உட்காரவில்லை. நடைக்கு வராதவர்களும் சேர்ந்து, இருபத்திரண்டு பேரும் வாசல் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். மத்தியானம் ஜக்கெற் ஏற்ற லொறி வரும். பதினொரு மணிக்கு இராஜரட்ணம் யாரையும் பார்க்காமல் போய்ப் பூட்டைக் கழற்றிக் குப்பைவாளிக்குள் எறிந்தார்.

கடிதம் மட்டும் வரவேயில்லை. இன்றைக்கு நேரமில்லை, நாளைக்குப் பார்ப்போம் என்று இரண்டு மாதம் இழுத்தார். மக்டலீன் வேலையை விட்டு, ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் சேர்ந்து, அங்கே கடிதம் வாங்கினாள். நிரூபாவின் வரவு ஒரு வருடம் பிந்தியது. ஒரு தாயிடமிருந்து ஒரு வருடத்தைப் பறித்தார் அந்தத் தோழர். இதற்கு வேறு பெயர் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அடுத்த மே மாதம் ஜோசப்பின் மக்டலீனுக்கு ஃபோன் எடுத்தாள்.

"அக்கா, நேற்றும் அண்ணை ஸ்பதைனாவில நடை வைச்சவர். உங்கட கதையும் சொன்னவர். இஞ்சத்தைத் தமிழ்ப் பெண்கள் ஒண்டாய் நிண்டு கதவு திறப்பிச்சவை, நானும் அவையோட நிண்டனான் எண்டு. சனம் எழும்பி நிண்டு கைதட்டினது. உங்கட பேர் மட்டும் சொல்லேல்லை."

மக்டலீன் முதலில் கேட்டது கதவைத்தான்.

"கதவு இப்பவும் திறந்தோ கிடக்கு?"

"ஓம் அக்கா. திறந்துதான் கிடக்கு."

"அது போதும். ஆனா ஒண்டு, ஜோசப்பின்." குரல் தணிந்தது. "எங்களைக் கள்ளர் எண்டு பூட்டி வைச்சவன், இப்ப நாங்கள் செய்ததைக் களவெடுத்துக்கொண்டு திரியிறான். அவனை இனி என்னட்டை அண்ணை எண்டு சொல்லாதை."